கிலோ என்ன விலை

அரூரிலிருந்து சித்தேரிக்குப் போகும் பஸ்ஸில்
ஒவ்வொரு வளைவுக்கும்
என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தபடி வந்தது.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், டிரைவரா?
இருந்தேன், என்றேன்.

வெள்ளச்சிக்கு என் வயதுதான் இருக்கும்.
நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியோடு வந்தாள்.
கால்கூடக் கழுவவில்லை, விசாரித்தாள்:
நெஞ்சு எப்படி, பிரஷர் உண்டா,
தருமபுரி டாக்டர் தந்த மாத்திரை எது,
கடைசியாக எப்போது போட்டாய்.
சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
சரி, இரு, என்றாள்.

பெங்களூரிலிருந்து காரில் வந்த இருவரை
அப்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தாள்.
குடித்தால் என்ன தெரியும் என்று கேட்டார்களாம்.
உங்களுக்கு ஒண்ணும் வலிக்கலியே, என்றாளாம்.

கொடியின் பெயரை நானும் கேட்டேன்.
பேர் தெரிஞ்சா நாளைக்கே
சாக்குல கட்டிக் கீழ எறக்கிடுவீங்க,
சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள்.

கொட்டாங்குச்சியில் மூன்று விரல் உயரம்.
கசப்பு என்று சொன்னால்
கசப்புக்கு அது மரியாதை.

முதலில் ஒன்றுமில்லை.
சாமைத் தாள் வாசம். எங்கோ ஒரு நாய்.
ஏமாந்தேன் என்று நினைத்து
பஸ் காசு நூற்றுப் பத்து, கோழி முந்நூறு எனக்
கணக்குப் போட்டேன்.
அந்தக் கணக்கிலிருந்து பத்து
எழுந்து நடந்து போனது.

பிறகு வாந்தி.
அவள் புருஷன் ஆண்டியின் உடுக்கை
காதில் இல்லை, என் பற்களுக்குள் அடித்தது.
வெள்ளச்சி என் பிடரியில் கை வைத்திருந்தாள்,
சரிவில் நிற்கும் வண்டிச் சக்கரத்துக்குக்
கட்டை கொடுப்பதுபோல.

தொப்பூர் இறக்கம் வந்தது.
வரும் என்று தெரிந்துதான் குடித்தேன்.
கிருஷ்ணகிரி கிரானைட் இருபத்தெட்டு டன்
முதுகில் உட்கார்ந்து தள்ளுகிறது.
லைனர் கருகும் நாற்றம்.
எதிரே, ஒருவழியில், ஒரு எக்ஸெல் வண்டி.
இரண்டு கிலோமீட்டர் சுற்றச் சோம்பி
தருமபுரி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பியவன்.
முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை
சாமந்தி.
சென்றாயன், வயது முப்பத்தொன்று
என்று எஃப்.ஐ.ஆரில் இருந்தது.
தப்பு அவன் பக்கம் என்று கோர்ட்டில் இருந்தது.

இந்த முறை ஸ்டீரிங்கை ஒடித்துவிடலாம் என்று
மூன்று வருஷமாக வைத்திருந்தேன்.
கைகளைத் தேடினேன்.
இரண்டும் சித்தேரியில்
மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மோதல் வரவில்லை.
மஞ்சள் வந்தது.
கண்ணாடியில், கேபினில், தொண்டைக்குள் மஞ்சள்,
வைப்பரைப் போட்டேன், வைப்பரும் பூத்தது.
அதற்குள்ளிருந்து தலையை நீட்டி
அவன் கேட்டான்.
ஏன் கொன்றாய் என்றில்லை.
அதற்குப் பதில் வைத்திருந்தேன்,
வக்கீல் எழுதிக் கொடுத்தது.
அவன் கேட்டது:
இன்னிக்கி கிலோ என்ன வெல போச்சு?

தெரியாது தெரியாது என்று
விடியும்வரை சொல்லியிருக்கிறேன்.
ஆண்டிதான் சொன்னான்.

பனிக்குள் கஞ்சி கொண்டுவந்தாள்.
போயிடுச்சா, என்றேன்.
வாந்தி போச்சு. மத்தது எனக்குத் தெரியாது,
எட்டு மணிக்கு ஏரியில போட்டோ எடுப்பாங்க,
நேரமாச்சு, என்று
மண்வெட்டியைத் தோளில் போட்டாள்.

தருமபுரியில் இறங்கும்போது பதினொன்று.
ஏலம் முடிந்து
தரையெல்லாம் மிதிபட்ட காம்பு.
தராசுக்காரரிடம் கேட்டேன்.
எத்தினி கிலோ வேணும்?
பூ வேண்டாம், விலை மட்டும்.
ஏற இறங்கப் பார்த்தார்.
காலையில அறுபது, இப்ப முப்பது.

வெளியே வந்து
போஸ்டர் கிழிந்த ஒரு சுவரிடம்
முப்பது, என்றேன்.
இல்லை.
அவன் நேரத்தோடு வந்திருப்பான்.
அறுபது.