இறக்கம் இல்லாத ஊர்

திறப்பைத் திருகினேன்.
டிக்.
டிக் டிக்.
டாஷ்போர்டில் எண்ணெய் விளக்கு
மெல்லச் சிவந்து, மெல்ல ஒடுங்கியது.
கல்லடி ஒழுங்கையில் எங்கள் மாருதி
நாலாவது தடவையாகப் படுத்துவிட்டது.

தோஹாவிலிருந்து வாட்ஸ்அப்பில் அவர்:
"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு,
பத்து நிமிஷம் விட்டிட்டு ஓஃப் பண்ணு
எண்டு சொன்னன்தானே."
பண்ணினேன்.
வெள்ளிக்கு வெள்ளி, சாம்பிராணி காட்டிய கையோடு
கேற்றைத் திறக்காமலே
நின்ற இடத்தில் உறுமவிட்டேன்.
வைப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில்
முருங்கையிலை காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

தள்ளினால் எடுக்கும் என்று
எதிர்வீட்டுச் சதாகரன்
இரண்டு பொடியன்களோடு வந்தார்.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி,
நடுவில் தட்டுப்போல மணல்.
இறக்கம் என்று ஒன்று வேண்டுமானால்
பாலத்துக்குத்தான் போகவேண்டும்.
பாலத்துக்குப் போகப் பற்றரி வேண்டும்.
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து
மூன்று தரம் தள்ளிவிட்டு
தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக் கலைந்தோம்.

காத்தான்குடியிலிருந்து அஸ்மிர்,
உரப்பையில் சுற்றிய பற்றரி ஒன்றை
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு.
பொனட்டைத் தூக்கியதும்
"கடல் காத்து, அக்கா. இஞ்ச பாருங்க."
முனை இரண்டிலும்
பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது.
ஐந்து மாதம் அதன் மேல்தான்
உழுந்து காயவைத்திருக்கிறேன்.

சுடுதண்ணீர் கேட்டான். அப்பச்சோடா கேட்டான்.
பழைய பல் பிரஷ் இருந்தால் தாங்க என்றான்.
குளியலறைக் கோப்பையில்
அவருடையது இன்னும் நின்றது.
எடுத்துக்கொடுத்தேன்.

நுரைத்து வழிந்தது.
மீற்றரில் பதினொன்று தசம் நாலு.
"பன்னிரண்டு தசம் ஆறு இரிக்கணும்.
மௌத்தாகல்ல, அக்கா. பசி.
ஸ்டார்ட்டுக்கு எடுத்ததையே
பத்து நிமிஷத்தில திருப்பிக் குடுக்க ஏலாது.
கிழமைக்குக் கிழமை கடன் ஏறும், லீசிங் மாதிரி.
ரோட்டில ஓடணும், அரை மணித்தியாலமாவது."
ஓடாவிட்டால்?
"நெகட்டிவ் வயரைக் கழட்டிப் போடுங்க.
பத்தாம் நம்பர் சாவி."
சாவியையும் தந்துவிட்டுப் போனான்.

கழற்றினேன், ஒரு மாதம்.
மறுபடி பூட்டும்போதெல்லாம்
ரேடியோக் கடிகாரம் பன்னிரண்டில் தொடங்கும்.
பகல் பன்னிரண்டா, சாமம் பன்னிரண்டா,
அதற்கும் தெரியாது.

என் லைசன்ஸ்
அலுமாரியில், கூறைச்சேலைக்குக் கீழே
ஒன்பது வருடமாகக் கிடக்கிறது.
முதல் தரத்திலேயே பாஸ்.
"ரோட்டில விசரன்மார்தான் ஓடுறானுகள்,
உனக்கு ஏன்?" என்பார்.
எனக்கும் அப்போது பதில் இருக்கவில்லை.

ஞாயிறு, ஐந்தேகால்.
கேற்றை விரியத் திறந்தேன்.
பின்னுக்கு எடுக்கையில் ஒரு பூச்சாடி போனது.
ஆரையம்பதி வரைக்கும் இரண்டாம் கியர்.
குருக்கள்மடத்தில் ஒரு பஸ்
காது கிழியக் கோன் அடித்து முந்தியது.
களுதாவளையில் வெற்றிலைக் கட்டோடு சைக்கிள்கள்,
அவைக்கு நான் ஒதுங்கி வழிவிட்டேன்.
களுவாஞ்சிக்குடியில் திருப்பி
ஒரு பிளேன்ரீ, நின்றபடி.

திரும்பும்போது ஒழுங்கைக்குள் இறங்கவில்லை.
நேரே பாலம்.
நடுவைத் தாண்டியதும்
கிளச்சை மிதித்துவிட்டேன்.
எங்கள் ஊருக்கு உள்ள ஒரே இறக்கத்தில்
வாவியின் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஓட
சும்மா ஒருதரம்
உருண்டு பார்க்க.

இரவு அழைத்தார்.
ஸ்டார்ட் பண்ணினியா?
ஓம்.
பத்து நிமிஷம் விட்டியா?
கொஞ்சம் கூட.

மார்கழியில் வருகிறார்.
நீலத்தில் புதுப் பல் பிரஷ்
வாங்கிக் கோப்பையில் வைத்துவிட்டேன்.
பழையது காருக்குள்,
பத்தாம் நம்பர் சாவிக்குப் பக்கத்தில்.
பூச்சாடியைப் பற்றி
இன்னும் சொல்லவில்லை.