எதிர்மனுதாரர் தரப்பு

மாதிரி நீதிமன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்தது மாநகராட்சி.

வழக்கு முற்றிலும் கற்பனை என்று
முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.
கால்வாய்க்கரை, இருநூற்றுப் பத்து வீடுகள்,
நீர்நிலைப் புறம்போக்கு, பதினைந்து நாள் நோட்டீஸ்.
எங்கள் கதவில் பச்சைப் பெயின்ட்டில்
143/ஏ என்று எழுதிவிட்டுப் போனது
அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை.
ஏ என்பது அண்ணியும் கைக்குழந்தையும்
தட்டி வைத்துப் பிரித்த ஆறடியும்.

போட்டியன்று மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகிவிட்டது.
கறுப்புக் கோட்டை அரிசிப் பையில் சுற்றித்
தலைக்கு மேல் பிடித்தபடி தண்டவாளம் தாண்டினேன்.
கோட்டு என்னுடையதல்ல, மூன்று பேருக்கு ஒன்று.
ரூஃபஸுக்குக் கை பற்றாது,
எஸ்தருக்குத் தோள் இறங்கும்,
எனக்கு மட்டும் அளவெடுத்ததுபோல்.

எதிரில், மனுதாரர்களுக்காக, ஸ்ருதகீர்த்தி.
சாந்தி காலனி வீடு. அப்பா மூத்த வழக்கறிஞர்.
நல்ல பெண்தான். பேனா மூடியைக் கடிப்பாள்.
வாழும் உரிமை என்றாள், பிழைக்கும் உரிமை என்றாள்,
அவள் ஆங்கிலம் ஏ.சி. காற்றுபோல் சத்தமில்லாமல் பரவியது.
"இப்படிப்பட்ட மக்கள்" என்றாள், நான்கு முறை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்தேன்.
என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது:
முப்பது வருடம் இருந்ததற்கு ஆவணம் எங்கே?

எங்கே என்று எனக்குத் தெரியும்.
இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில்
டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது.
அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்
கொடியில் கிளிப் மாட்டினாள்.
காய்ந்தது. எழுத்து இல்லை.
பழைய கார்டில் அப்பா பெயர் ஓர் ஊதாக் கறை.
அதைத்தான் அங்கே நான்
நிரூபிக்கப்படாத குடியிருப்பு என்றேன்.
நடுவர்கள் தலையாட்டினார்கள்.
ஸ்ருதகீர்த்தி காகிதங்களைப் புரட்டினாள்,
புரட்டிக்கொண்டே இருந்தாள்.

சிறந்த வாதத்துக்குக் கேடயம்.
அம்மா அதை ஃபிரிட்ஜ் மேல் நிறுத்தி
"எந்தக் கேசுல ஜெயிச்ச?" என்றாள்.
"வூட்டுக் கேசும்மா."
"நம்ம சைடா?"
மீன் கழுவின தண்ணியை ஊத்திட்டு வரேன் என்று
எழுந்துவிட்டேன்.

இரவு பதினொன்றுக்கு அவளுக்குப் போன் செய்தேன்.
உன் வாதுரையை அனுப்பு. முழுசும்.
அந்த 'இப்படிப்பட்ட'வை எடுத்துவிடு.
எடுத்துவிட்டு என்ன போட என்றாள்.
வந்து கேட்டு எழுது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள், ஜீன்ஸை முழங்காலுக்குச் சுருட்டி.
அவளுக்குத் தமிழ் எழுத வராது.
ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்க அனுப்பினோம்.
மெஷின் இரண்டு தடவை நின்றது.
திரும்பும்போது விரலெல்லாம் கறுப்பு,
கன்னத்திலும் கொஞ்சம்.

நோட்டீஸுக்கு இன்னும் ஆறு நாள்.
வீட்டுக்கொரு ஆட்சேபணை, பெயர் போட்டு.
நவமணி அக்காவின் பிரசவ அட்டை.
டில்லிபாபு ஆறாவது படித்த டி.சி.
தொண்ணூற்றாறாம் வருடக் கல்யாணப் பத்திரிகை ஒன்று,
அதில் 'மணமகள் இல்லம்' என்ற ஒற்றை வரி.

"இதெல்லாம் ஆவணமா?" என்றாள் ஸ்ருதகீர்த்தி.
கேட்பார்கள் என்றேன்.
எந்தச் சொல்லில் நிறுத்திக் கேட்பார்கள்,
கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்
என்பதுகூட எனக்குத் தெரியும்.
எழுது. 143/ஏ.
முதலில் குழந்தையின் பெயர்.