பதினேழு கிராம்

கடை சாத்தும் நேரம்.
கொலுசு நிறுக்கும் தராசில்
அந்தக் கார்டை வைத்தேன்.
பதினேழு கிராம் எண்ணூறு மில்லி.
உரசிப் பார்க்கத் தேவையில்லை, வெள்ளி இல்லை.
உருக்கினால் டீச்செலவுக்கும் தேறாது.

இதற்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
ஜிஎஸ்டி சேர்த்தால் பதினான்காயிரத்து எழுநூற்றைம்பது.
முதல் வருடம் சும்மா என்றுதான் கொடுத்தார்கள்.
தானமாக வந்த மாட்டின் பல்லை
அன்றைக்கு நானும் பிடித்துப் பார்க்கவில்லை.
பத்தொன்பதாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்.
ஏர்போர்ட் லவுஞ்ச், வருடத்துக்கு எட்டு முறை.
போனது ஒன்று. ஜெய்ப்பூர் கண்காட்சிக்குக் கிளம்பிய அன்று
சென்னையில் விமானம் மூன்று மணி நேரம் தாமதம்.
இரண்டு ரூபாய்க்குத் தேய்த்துவிட்டு
இட்லி, ஒரு கரண்டி பொங்கல்,
யாரும் தொடாத ஒரு பச்சைக் கேக்.
மூக்குமுட்டத் தின்றாலும் ஐந்நூறைத் தாண்டாது.
அந்த நாற்காலியில் வாய் பிளந்து தூங்கியதற்கு
நூறு கூடப் போடு.

கோல்ஃப், நான்கு ஆட்டம்.
கோட்டைப் பள்ளியில் எறிபந்து ஆடியதோடு சரி.
பூஜ்ஜியம்.

கிலோக்கணக்கில் வெள்ளி வாங்குகிறவளுக்குப்
பாயின்ட் மலையாய்க் குவியவேண்டும்தானே?
கட்டி வியாபாரி கார்டைக் கண்டாலே கும்பிடுகிறார்:
"ரெண்டு பர்சன்ட் யாருக்கா தருவா?
என் வயித்துல அடிக்காதீங்க."
ஆக, கரண்ட் பில், பெட்ரோல், மகனின் ஹாஸ்டல் ஃபீஸ்.
மூவாயிரத்துக்குப் பாயின்ட் சேர்ந்தது.
ஒரு டோஸ்டர் வாங்கினேன்.
பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

மிச்சம் பதினோராயிரத்து நூற்றைம்பதை
எந்தக் கணக்கில் எழுத?

தெரியாமல் இல்லை.
ஏற்காட்டு ரிசார்ட்டில், பனி ஜன்னலை அடைத்த மாலை,
கொழுந்தனார் பர்ஸைத் துழாவுவதற்குள்
பீங்கான் தட்டில் போட்டேன்.
ணங்.
நாலு மேசையில் தலைகள் திரும்பின.
ஓர்ப்படி வசுந்தரா
காபியை உதட்டருகே மறந்துவிட்டாள்.
செவ்வாய்ப்பேட்டைக் கடை கடனில்தான் ஓடுகிறதென்று
பதினோரு வருடமாய்ச் சொல்லிவந்த குடும்பம்.

சத்தத்தை வைத்தே
கொலுசில் எத்தனை மணி என்று சொல்பவள் நான்.
அந்த ணங் இன்னும் காதில் நிற்கிறது.
அநியாய விலை என்று சொல்ல
வாய் வரவில்லை.

வங்கியிலிருந்து நிரோஷா கூப்பிட்டாள்.
"இன்னும் ஒன்பது நாள்ல
மூணு லட்சம் செலவு பண்ணிட்டீங்கன்னா
ஃபீஸே கிடையாது மேடம்."
பதினாலாயிரத்தை மிச்சம் பிடிக்க மூன்று லட்சமா?
சிரித்துவிட்டேன்.
அவளும் சிரித்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி,
"கால் ரெக்கார்ட் ஆகுது மேடம்."

ஏழரை மணிக்குத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட்.
ஃபோனைக் காட்டினேன்.
"முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று
தெருவுக்கே கேட்கக் கத்தியது பெட்டி.
யார் தலையும் திரும்பவில்லை.
பீட்ரூட் சிவப்பு புறங்கையில் வழிய
நின்றபடியே தின்றேன். இன்னொரு செட் வாங்கினேன்.

பதினெட்டாம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.
கார்டை வெட்டிவிடுங்கள் என்று மெசேஜ் வந்தது.
வீட்டுக் கத்திரிக்கோல் பல்லிளித்தது.
பட்டறையில் குழந்தைவேலு
தகடு வெட்டும் கத்திரியால்
என் பெயருக்குக் குறுக்கே ஒரு போடு போட்டான்.
சிதறிய சில்லுகளைப் பழக்கதோஷத்தில்
அரத்தூள் தட்டில் கூட்டிச் சேர்த்தான்.

"வெள்ளி இல்லப்பா அது."

ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.
பீரோவைப் பூட்டப் போனேன்.
பெரிய துண்டு கை நழுவிக் கல்தரையில் விழுந்தது,
ணங் என்று இல்லை, சும்மா ஒரு டக்.
அதற்கும் திரும்பிப் பார்த்தேன்.