மேற்கு எல்லை

படிவம் பன்னிரண்டு பக்கம்.
முதல் கேள்வி லேசானது: கிராமத்தின் பெயர்.
விளாத்திமோட்டை என்று எழுதினேன்.
விளாத்தி ஒன்றுகூட இப்போது இல்லை.
மோட்டை இருக்கிறது;
ஆனி வெயிலிலும் எருமைகள் முழங்கால் சேற்றில் நின்று
இருக்கிறது என்று சாட்சி சொல்கின்றன.

அமைவிடம்:
ஏ-ஒன்பது வீதியிலிருந்து பதினொரு கிலோமீற்றர்,
அதில் ஏழு கிறவல், மிச்சம் அவரவர் விதி.
காலை ஆறு பத்து பஸ்
மதகடிவரை வந்து திரும்பும்.
மதகுக்கு இப்பால் வர அதற்குப் பத்திரம் இல்லையாம்.
ஆகவே கிராமம்தான் மதகடிக்கு நடந்துபோகிறது,
வெள்ளைச் சட்டையும் தயிர்ச்சட்டியும்
கிளினிக் கொப்பியுமாக.

வடக்கே குளம்.
வான் பாயும் நாட்களில் வகுப்பில் ஒருவரும் இல்லை,
இதை 'இயற்கை இடர்' பகுதியில் போடுங்கள் என்றார் அதிபர்.
ஈரக் காற்சட்டையோடு, கையில் துள்ளும் செல்வனோடு
'பொழுதுபோக்கு வசதி'யில் போடுங்கள் என்றான்
ஐந்தாம் வகுப்பு டிலக்சன்.

கிழக்கே முகாம்.
அப்படி எழுதலாமோ என்று கேட்டேன்.
மேலதிகாரி தேநீரை ஊதினார்.
"பொது நோக்கத்துக்கான காணி எண்டு போடும்."
பொது நோக்கத்துக்கான காணியில்
பின்னேரங்களில் கிரிக்கெட் நடக்கிறது.
பந்து கம்பிக்கு இப்பால் விழுந்தால்
பிள்ளைகள் எடுத்தெறிவார்கள்.
ஒருமுறை எறியவில்லை.
அதுதான் இப்போது பள்ளிக்கூட அணியின் பந்து.

தெற்கே வயல், வயலுக்கப்பால் மின்வேலி,
மின்வேலிக்கப்பால் யானை.
யானை இதை வேறு ஒழுங்கில் வாசிக்கிறது.

மேற்கில்தான் சிக்கிக்கொண்டேன்.

வரைபடத்தில் அது ஒரு பச்சைக் கோடு.
நேரில் பதினாறு கல்.
வனத் திணைக்களம் போன ஆவணியில் நட்டவை.
பற்றைக்குள் முள் கிழிக்கக் கிழிக்கத் தேடினேன்.
வீரைமரத்தின் கீழ் ஒன்று,
கறையான் புற்று பாதி விழுங்கிய ஒன்று,
முதிரைக் குற்றியோடு சாய்ந்து
ஏதோ கதைத்துக்கொண்டிருந்த ஒன்று.
பதினாறாவதைக் காணவில்லை.

அது கனகேஸ்வரியின் மாட்டுப்பட்டியில் நின்றது.
அவள் ஒளிக்கவில்லை.
கல்தான் வந்து பட்டிக்குள் நின்றது.
நட்டவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணி கொடுத்தாளாம்,
வெயில் அப்படி.
போன பிறகு ஆட்டிப் பார்த்தாளாம்.
நல்ல ஆழம், கட்டை அடிக்கிற வேலை மிச்சம் என்று
மாட்டைக் கொண்டுவந்து அதில் கட்டிவிட்டாள்.

நான் நாடாவை இழுத்துப் பிடித்தேன்.
கொம்பும் கண்ணும் அசைபோடும் தாடையும் கிராமத்தில்.
முதுகின் நடுவால் எல்லை போகிறது.
மடி முழுக்கக் காட்டில்.

"அப்ப பால்?" என்றான் ஜெயதாசன்,
மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கான் தொங்க
பால் எடுக்க வந்தவன்.
"பால் வனவளமோ தங்கச்சி?
பெர்மிட் இல்லாமல் ஏத்தினால் பிடிப்பாங்களோ?"

கனகேஸ்வரி சிரிக்கவில்லை.
கயிற்றைக் குறுக்கிப் பிடித்து
மாட்டை அரைவட்டம் நடத்தினாள்.
"இப்ப எழுதும்."
மடி கிராமத்துக்கு வந்தது.
தலை காட்டுக்குள் போய்
சோளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.
வரிசை வரிசையாகச் சோளம், ஓரத்தில் பயிற்றை,
பொம்மைக்குப் போட்ட பழைய பாடசாலைச் சட்டை,
எல்லாம் வரைபடத்தின்படி அடர்வனம்.

"இருவத்தேழு வருசம் விதைச்ச காணி.
இடையில நாலு வருசம் விதைக்கேல்லை.
நாங்கள் இஞ்ச இல்லை.
அந்த நாலு வருசத்திலதான்
உது காடாய்ப் போச்சாம்."
சொல்லிவிட்டுக் குந்தி
காம்புகளைக் கழுவத் தொடங்கினாள்.

படிவத்தில் மேற்குக்கு இரண்டு அங்குலம் இடம்.
மற்ற மூன்று திசையும் பேனையால் எழுதினேன்.
மேற்கைப் பென்சிலால்.

திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்,
முழுவதும் பேனையில் வேண்டுமாம்.
வியாழன் ஆறு பத்து பஸ்ஸில் போகிறேன்,
மதகடியில் இறங்கி நடக்க வேண்டும்.
பேனை இருக்கிறது.
சோளம் முற்றியிருந்தால் என்று
ஒரு பையும் எடுத்துவைத்திருக்கிறேன்.