நான்காம் தண்ணீர்

வெள்ளிக்கிழமை விருந்தாம்.
வியாழனே சீலர் அடித்துவிடலாமே ருத்ராணி,
என்கிறார் போனில் கிரண் சார்.
தளியின் தூறலை அவர் பெங்களூரில் இருந்துகொண்டு
படமாகத்தான் பார்த்திருக்கிறார்.

வேங்கை, சார்.
பதினான்கு அடி நீளம், முப்பத்தொரு பலகை.
சர்க்கரைக்காரர்கள் இந்த மரத்துக் குவளையில்
ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக்
காலையில் குடிப்பார்களே,
அந்தத் தண்ணீருக்கு வரும் நிறம்
உங்கள் படிக்கட்டுக்கும் வரும்.

படிக்கட்டு வெள்ளை கிரானைட்.
சதுர அடி என்ன விலை என்று
மூன்று முறை சொன்னவர் அவர்தான்.
நாக்குக்குத் துவர்ப்பாகத் தெரிவது
கல்லுக்குக் கறை.
உள்ளே இருப்பதை வைத்தே மூடினால்
அது மூடியையும் உரித்துக்கொண்டு வரும்.

அவர் போனை வைத்ததும்
அப்சல் ஓஸைத் திறந்தான்.
பலகைகள் செங்கல்மேல், சரிவாக,
அடியில் நீலத் தார்ப்பாய்,
தண்ணீர் கல் பக்கம் போகாமல்,
பக்கத்து ரோஜாக் கூடாரத்துக்கும் போகாமல்
சாக்கடைக் குழி வரைக்கும் ஒரு வாய்க்கால்.

முதல் தண்ணீர் வறக்காப்பி.
ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துச்
சுவர்மேல் வைத்தேன்.
ஒரு நாள் காயவிட்டு
இரண்டாம் தண்ணீர், பாலில்லாத டீ.
டம்ளர் இரண்டு.
இடையில் ஒருநாள் முழுக்க மழை.
ஓஸுக்கு வேலையில்லை,
அப்சல் தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து
கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம்தான்
கேட் வைக்க வந்த வெல்டர்
எங்களைக் கேட்காமல் கிரைண்டரைப் போட்டான்.
பொறி பறந்தது, அழகாகத்தான் இருந்தது.
விடிந்து பார்த்தால் பதினேழாம் பலகையில்
மிளகைத் தூவியது போல் கறுப்பு.

கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் மை.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை,
ஹோசூரில் உப்புத்தாள் சுற்றிக்கொடுத்த
பழைய பேப்பரில் படித்தது.
இரும்புத் தூளும் ஈர வேங்கையும்
ராத்திரி முழுக்க எதையோ எழுதியிருக்கின்றன,
படிக்கத்தான் வரவில்லை.

வெல்டரைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
அவன் திருப்பிப் பேசவில்லை,
கையுறை மாட்டிக்கொண்டு
ஆக்சாலிக் கரைசலை எடுத்துக் கொடுத்தபடி
மத்தியானம் வரை பக்கத்தில் நின்றான்.
கறுப்பு சாம்பலாகிச் சாம்பல் பழுப்பாகி
ஒன்று மட்டும் போகவில்லை,
கொசு அளவு, நீலமாக.
அந்தப் பலகையை அடிப்பக்கம் திருப்பிப் போட்டேன்.
எனக்குத் தெரியும்.
இனி எறும்புகளுக்குத் தெரியும்.

மூன்றாம் தண்ணீர் தேன்.
நான்காம் தண்ணீரில் டம்ளருக்குப் பின்னால்
அப்சலின் விரல்ரேகை தெரிந்தது.
நான்கு டம்ளரையும் வரிசையாக வைத்துப்
படமெடுத்து அனுப்பினேன்.
எந்த விஸ்கி என்று கேட்டுப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்
புல்லில் நின்று சாப்பிட்டார்கள்.

செவ்வாய், ஈரமானி பன்னிரண்டு காட்டியது.
எண்பதாம் நம்பர் தாளால் ஒரு தேய்ப்பு,
தூசியைத் துணியால் இருமுறை.
எண்ணெய் முதலில் தலைவெட்டுகளுக்கு,
அங்கேதான் மரம் வாய் திறந்திருக்கும்,
ஊற்ற ஊற்றக் குடிக்கும்.
பிறகு முதுகு, அடி, இரண்டு விலா.
கீழ்ப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்
என்று கேட்ட அப்சலுக்கு
பிரஷ்ஷைத்தான் பதிலாக நீட்டினேன்.
பூட்டியதெல்லாம் ஸ்டெயின்லெஸ் திருகு,
ஒவ்வொன்றையும் காந்தத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு.

பத்து நாள் கழித்து கெலமங்கலத்தில்
பஸ் நிழற்குடைக்குள் வண்டியை ஏற்றி நிற்கிறேன்.
மழை கொட்டுகிறது.
கடைசித் தவணை இன்னும் வரவில்லை.
அப்சல் தளியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான்,
எழுத்தே இல்லாமல்:
பலகையிலிருந்து சொட்டி
வெள்ளைப் படியில் தேங்கிய தண்ணீர்.

விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
இன்னும் பெரிதாக்குகிறேன்.
தண்ணீர்தான்.