வேண்டுமானால்

ஏப்ரலில் பெட்டி வரும்.
மாரியம்மன் கோவிலுக்குப் புறப்பட்டவர்கள்
மஞ்சள் உடுத்தி என் கிளினிக் வாசலில்
பஸ்ஸுக்கு நிற்கும் ஈஸ்டர் வாரத்தில்,
ஐஸ் பைகளுக்கு நடுவே நூறு ஊசி.
ஸிபுயிலே எண்ணி வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்குவாள்,
மின்வெட்டு நேரங்களைக் கதவில் ஒட்டுவாள்.
மிச்ச வேலை என் நாக்குக்கு.

பதினான்கு வருடமாக அது சொன்னது ஒரே வாக்கியம்:
"ஃப்ளூ ஊசி வந்திருக்கு, வேண்டுமானால்."
சொல்லும்போது கண் பிரஷர் மீட்டரில்.
கை அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டிருக்கும்.
பந்தியில், போதும் என்று இலையை மூடப் போகிறவர் முன்
கரண்டியைச் சும்மா காட்டிவிட்டு நகர்வது மாதிரி.

யாருக்கு வேண்டும்?
"போன தடவை போட்ட அன்றைக்கே சளி பிடித்தது, டாக்டர்."
"மெடிக்கல் எய்டு கொடுக்குமா?"
"எங்களுக்கு மிளகு ரசம் போதும்."
நானும் தலையாட்டுவேன்.
வாதாட நேரமில்லை, வெளியே பதினொரு பேர்.
அதோடு, எழுதக் கூசுகிறது,
எனக்கே அதன்மேல் பெரிய பிரியம் கிடையாது.
சில வருடம் நன்றாகக் காக்கும், சில வருடம் அரைகுறை.
ஆனால் சர்க்கரை மாத்திரை எழுதும்போது
ஒரு நாளும் நான் "வேண்டுமானால்" சொன்னதில்லை.

நல்லதம்பி மூட்லி. பஸ் டிரைவர். ஐம்பத்தெட்டு.
சர்க்கரை, ஆஸ்துமா.
டர்பன் குளிர்காலம் என்றால் ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான்.
அந்த ஸ்வெட்டர் குளிரில் பதினாறு நாள் ஆக்ஸிஜன்.
பிழைத்தார்.
பஸ்ஸுக்குத் திரும்பவில்லை.

சான்றிதழ் வாங்க ரூபவதி வந்தாள்.
"ஊசி போடச் சொல்லவே இல்லையே நீங்கள்."
சொன்னேன் என்றேன். கோப்பைத் திருப்பிக் காட்டினேன்.
என் கையெழுத்து: மறுத்தார்.
அவள் அதைப் படித்தாள், இரண்டு முறை.
"இது கேட்டது, டாக்டர். சொன்னது இல்லை.
கை வலித்தால் மறுநாள் ஸ்டியரிங் திருப்ப முடியாதென்று
அவருக்குப் பயம். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை மாலை போட்டிருக்கலாம்.
சனி, ஞாயிறு அவருக்கு வண்டி இல்லை.

ஆங்கிலத்தில்தான் பேசினாள்,
சாட்ஸ்வொர்த்தில் எல்லோரும் அப்படித்தான்.
இரவில் அது தமிழாகி என்னிடம் வந்தது.
கேட்டேன் என்றால் வினவினேன்.
கேட்டேன் என்றால் காதில் வாங்கினேன்.
ஒரே சொல்தான்.
அதில் பாதியை மட்டும் பதினான்கு வருடம்
சம்பளத்துக்குச் செய்திருக்கிறேன்.

இந்த ஏப்ரலில் பெட்டியைப் பிரித்ததும்
ஸிபுயிலே என் சட்டைக் கையைச் சுருட்டினாள்.
வேண்டுமா என்று கேட்க மாட்டாயா?
"ஆறு வருடம் கேட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்றீர்கள்."
பஞ்சு சில்லென்றது. வலி ஒன்றும் பிரமாதமில்லை,
ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியவில்லை, அவ்வளவே.

முதல் ஆள் மிஸஸ் படையாச்சி, தையல்காரி.
"இன்றைக்கு உங்களுக்கு ஃப்ளூ ஊசி. எந்தக் கை?"
"எந்தக் கையும் வேண்டாம்."
பேனாவை மூடினேன். ஏன் என்றேன்.
அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு
மகள் பிரசவத்திலிருந்து ஆரம்பித்தாள்.

வெளியே பதினான்கு பேர்.
யாரோ இருமுகிறார்கள்.