பேரணாம்பட்டுப் பெட்டி

காலை ஐந்து ஐம்பதுக்குக் கதவு திறக்கும்.
முனவ்வர் பாய் கறுப்பு கவரை நீட்டுவார்,
முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு.
மூடி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பேன்.
காற்றைக் குடிக்கும் பொட்டலம் ஒன்றோடு சேர்த்து
உறைக்குள் அடைப்பேன். ஸ்டிக்கர்: பி-031.
பெயர் எழுதக் கூடாது.
இந்த நொடியிலிருந்து நான்கு மணி நேரம்.
நாம் எதை இழுத்து உயிரோடிருக்கிறோமோ
அதுவே உள்ளே இருப்பவற்றுக்கு விஷம் என்று
டாக்டர் ஷீபா முதல் நாளே சொல்லிவிட்டார்.

குடியாத்தம் தாண்டும்போது ஆறரை.
கிரீன் சர்க்கிளில் மறித்தார்கள்.
"இன்னாய்யா பொட்டில? மீனா?"
"மலம் சார்."
"யாராண்ட நக்கல் பண்றே?"
கடிதத்தைக் காட்டினேன். ஆஸ்பத்திரி முத்திரை,
கீழே நார்வேக்காரர்கள் முத்திரை.
படித்தார், நிதானமாக, இரண்டு பக்கமும்.
பெட்டியை ஒரே விரலால் என் பக்கம் தள்ளினார்.
"எங்க மாமனாருக்கும் இதே வியாதிதான்.
சேத்துக்குவாங்களா?"
நம்பர் எழுதிக் கொடுத்தேன்.
ஒன்பது நிமிடம் போனது.

எனக்குப் புரிந்த அளவில் பாயிடம் சொல்லியிருந்தேன்:
ஒரே மருந்து, ஒரே அளவு.
பெருங்குடல் கட்டி ஒருவருக்குச் சுருங்குகிறது,
இன்னொருவருக்கு அசையவே மாட்டேன் என்கிறது.
குடலில் குடியிருக்கும் கிருமிகளில் யாரோ
மருந்துக்கு வழிவிடுகிறார்கள், யாரோ மறிக்கிறார்கள்.
இங்கே நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் தேடுகிறோம்,
பெர்கனில் இன்னொரு நூறு பேரிடம்.

பாய்க்குத் தோல் ஷாப்பில் முப்பது வருஷம்.
"சுண்ணாம்புக் குழியிலேர்ந்து ஏத்துன தோலு
பலகையாட்டம் நிக்கும்பா.
கெமிக்கல் வர்றதுக்கு முந்தி
புறா எச்சத்தைக் கரைச்சு ஊத்துவாங்களாம்.
ஒரு ராத்திரி ஊறினா துணி கணக்கா மடங்கும்.
எச்சத்துல ஆள் கீதுன்னு
இப்பதான் கண்டுபுடிச்சாங்களா உங்க நார்வேல?"

கேள்வித்தாள் அங்கிருந்துதான் வந்தது.
கடந்த மாதம் சீஸ் எத்தனை முறை?
புகையூட்டிய மீன் எத்தனை முறை?
பூஜ்யம். பூஜ்யம்.
ஷமீமா அக்கா உள்ளிருந்தே கேட்டார்:
"தால்ச்சாவுக்குக் கட்டம் இல்லியா?"
போய்ச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.
அடுத்த மாதத் தாளில்
இருபத்தேழாம் கட்டம் தால்ச்சா.

மே மாதக் கூட்டம். திரையில் அவர்கள் ஸ்வெட்டரில்.
எங்கள் ஏசி நாற்பத்திரண்டு டிகிரியோடு
மல்லுக்கட்டி முனகுகிறது.
புள்ளிகள் நிறைந்த படம் ஒன்று போட்டார்கள்.
மருந்து கேட்டவர்கள் பச்சைக் கூட்டம்,
கேட்காதவர்கள் சிவப்பு.
இரண்டுக்கும் வெகுதூரத்தில், மேல் மூலையில்,
ஒரே ஒரு சாம்பல் புள்ளி.
"இது யார்?" என்றாள் மரிட்.
"பி-031. இன்னும் தெரியாது. ஸ்கேன் ஜூனில்தான்."
டீ டம்ளர்களை எடுக்கப் போவதுபோல
எழுந்து வெளியே வந்தேன்.
அந்த ஸ்டிக்கரை ஒட்டியது என் கை.

அடுத்த வியாழன் அவரே கேட்டார்.
"நம்ம புள்ளி எந்தப் பக்கம்பா?"
சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
"தனியா நிக்குது பாய்."
"தோல் ஷாப்புக்காரன். பக்கத்துல எவன் நிப்பான்?"
சிரித்துக்கொண்டே பெட்டி மூடியைப் பிடிக்க வந்த விரல்கள்
ஐஸ் பட்டதும் துள்ளிப் பின்வாங்கின.
மருந்து ஏற்றியதிலிருந்து குளிர் அவருக்கு மின்சாரம்.
இந்த வெயிலில், இந்த ஜில்லாவில்,
பானைத் தண்ணீருக்குப் பயப்படுகிற மனுஷன்.

நானே மூடினேன். ஐந்து ஐம்பத்தெட்டு.
வண்டி முதல் உதைக்குக் கிளம்பவில்லை.